ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் ஆக என்ன படிக்க வேண்டும், எந்தச் சான்று வேண்டும்: வடசென்னை மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படித்து முடித்து, எம்.பி.பி.எஸ். கிடைக்காத நிலையில் 'ஏதாவது பாராமெடிக்கல் சேர்ந்துவிடலாம்' என்று யோசிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கும் துறை நல்ல துறை. ஆனால் தவறான படிப்பில் சேர்ந்தவரை அந்தத் துறை உள்ளேயே விடாது. எனவே எந்த நிறுவனத்திலும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட் என்பவர் எக்ஸ்ரே எடுப்பவர்தானே?

இல்லை. எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுப்பவர் நோயைக் கண்டறிய உதவுபவர். அவருடைய படிப்பு ரேடியோகிராபி அல்லது இமேஜிங் டெக்னாலஜி எனப்படும். ரேடியோதெரபி டெக்னாலஜிஸ்ட், மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவு கதிர்வீச்சை, குறித்த இடத்தில், குறித்த நாளில், நோயாளியின் உடலில் செலுத்துபவர். எக்ஸ்ரே அறையில் ஒரு நோயாளி சில நிமிடங்கள் இருந்துவிட்டுப் போய்விடுவார். இங்கே அதே நோயாளி வாரத்துக்கு 5 நாள் வீதம் பல வாரங்கள் வருவார். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் 30 முதல் 35 முறை வரை சிகிச்சை நடக்கும். ஒவ்வொரு முறையும் முதல் நாள் படுத்த அதே நிலையில் அவரைப் படுக்க வைத்தாக வேண்டும். இரண்டு படிப்புகளின் பெயரிலும் 'ரேடியோ' வருவதால், விண்ணப்பிக்கும்போது ஒன்றை மற்றொன்றாக எண்ணி எழுதிவிட்டு, கல்லூரியில் சேர்ந்த பிறகு திகைப்பவர்கள் உண்டு.

பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடங்கள் இருக்க வேண்டும்?

இயற்பியல், வேதியியல், உயிரியல் (அல்லது தாவரவியல், விலங்கியல்) படித்திருக்க வேண்டும். உயிரியல் இல்லாமல் கணிதமும் கணினி அறிவியலும் மட்டும் படித்தவர்களுக்குப் பட்டப்படிப்புச் சேர்க்கை பொதுவாகக் கிடைக்காது. பத்தாம் வகுப்பு முடித்துப் பிரிவு தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இதை இப்போதே கவனிக்க வேண்டும்.

பட்டம் படிப்பதா, டிப்ளமோ போதுமா?

முடிந்தவரை பட்டம் படியுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி என்ற படிப்பு உள்ளது; மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் கொண்டது. அறிவியல் பாடங்களுடன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இரண்டாண்டு ரேடியோதெரபி டெக்னாலஜி டிப்ளமோவை உரிய பயிற்சியுடன் முடித்தவர்களும் இந்தியாவில் இந்த வேலையைச் செய்யலாம். வீட்டில் உடனே வருமானம் தேவை என்ற நிலையில் டிப்ளமோவைத் தேர்வு செய்வதில் தவறில்லை.

ஆனால் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. முன்பு பெரும்பாலான இடங்களில், கோபால்ட் என்ற கதிரியக்கப் பொருளிலிருந்து கதிர் தரும் கோபால்ட் எந்திரம் இருந்தது. இன்று மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும், லீனாக் எனப்படும் நேர்கோட்டு முடுக்கி வந்துவிட்டது. சென்னைத் தரமணியில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சையும் நடக்கிறது. புதிய கருவியைப் புரிந்துகொள்ளவும், மேற்படிப்புக்குப் போகவும், வெளிநாட்டில் விண்ணப்பிக்கவும், பின்னாளில் ஆசிரியராகவும் பட்டமே வழிவிடுகிறது. டிப்ளமோ முடித்தவர் பத்து ஆண்டுகள் கழித்து இந்தக் கதவுகள் மூடியிருப்பதைப் பார்க்கிறார்.

எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? வடசென்னையிலிருந்து போய்வர முடியுமா?

அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும், கீழ்ப்பாக்கத்தில் உள்ள மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு ஆண்டுதோறும் அறிவிப்பு வெளியிட்டு, இணையவழியில் விண்ணப்பம் பெற்று, தரவரிசைப் பட்டியலும் கலந்தாய்வும் நடத்துகிறது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., ரேடியோகிராபி, ரேடியோதெரபி எல்லாம் ஒரே அறிவிப்பில் வரும். அந்த ஆண்டின் விளக்கக் குறிப்பேட்டை முழுவதும் படிக்க வேண்டும். துணை மருத்துவப் படிப்புகளின் விதிகள் இப்போது மாறிவரும் காலம் என்பதால், சென்ற ஆண்டு சேர்ந்த பக்கத்து வீட்டு அக்கா சொன்னதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் போன்றவை தனித்தனியே சேர்க்கை நடத்துகின்றன. அவற்றின் கடைசித் தேதிகளைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்தைப் பொறுத்தவரை, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ நீட்டிக்கப்பட்ட பிறகு நிலைமை மிகவும் எளிதாகிவிட்டது. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஏறினால் வண்டி மாறாமல் சென்ட்ரலுக்கும் கிண்டிக்கும் போகலாம். கீழ்ப்பாக்கத்துக்குச் சென்ட்ரலில் ஒரு முறை மாறினால் போதும். சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் பர்னார்டு கதிரியக்கவியல் நிறுவனம் 1934இல் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய கதிரியக்கத் துறைகளில் ஒன்று நம் வீட்டுக்கு இவ்வளவு அருகில் இருப்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.

எங்கள் தெருவிலேயே ஒரு பாராமெடிக்கல் பயிற்சி நிலையம் இருக்கிறது. ஆறு மாதத்தில் சான்றிதழ், வேலை உத்தரவாதம் என்கிறார்கள். சேரலாமா?

ரேடியோதெரபிக்கு, சேரக் கூடாது. இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை மட்டும் வீட்டில் உள்ள அனைவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியை இயக்க மருத்துவமனைக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைப் பெறவும் தக்கவைக்கவும், வாரியம் வகுத்த கல்வித் தகுதி உடைய டெக்னாலஜிஸ்ட், மருத்துவ இயற்பியலாளர், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர் ஆகியோர் அங்கே இருக்க வேண்டும். எனவே ஆறு மாதச் சான்றிதழோடு வருபவரை ஒரு மருத்துவமனை இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்ள நினைத்தாலும் சேர்த்துக்கொள்ள முடியாது. வேறு சில மருத்துவமனை வேலைகளில் அனுபவம் பார்த்துச் சேர்த்துக்கொள்வது நடக்கிறது. இங்கே அது நடக்காது.

விளம்பரப் பலகையில் 'அரசுப் பதிவு பெற்றது' என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பெற்றோர் பலர் நம்பிவிடுகிறார்கள். சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ சிறு தொழில் நிறுவனமாகவோ பதிவு செய்திருப்பது வேறு, படிப்புக்கு அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. ஐ.எஸ்.ஓ. சான்றும் கல்வி அங்கீகாரம் அன்று. சேர்வதற்கு முன் நேரில் சென்று, பட்டத்தையோ டிப்ளமோவையோ எந்தப் பல்கலைக்கழகம் அல்லது எந்த அரசுத் துறை வழங்குகிறது, அந்தப் பெயர் மதிப்பெண் பட்டியலில் அச்சாகுமா, செய்முறைப் பயிற்சி எந்த மருத்துவமனையில் நடக்கிறது, அங்கே உரிமம் பெற்ற லீனாக்கோ கோபால்ட் எந்திரமோ உண்டா, முன்பு முடித்தவர்கள் இப்போது எந்தத் துறையில் வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பதில்களை எழுத்தில் வாங்குங்கள். 'முதலில் முன்பணம் கட்டுங்கள், பிறகு சொல்கிறோம்' என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியும், காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்றும் சேர்த்த பணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்படும் வேதனை கொஞ்சமன்று. அதனால்தான் இதை இத்தனை கடுமையாக எழுதுகிறேன்.

தமிழ் வழியில் படித்தவர்களால் இந்தப் படிப்பைத் தாக்குப்பிடிக்க முடியுமா?

முடியும். பாடங்களும் தேர்வும் ஆங்கிலத்தில் இருப்பதால் முதல் ஆண்டு கடினமாகவே இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் இந்தப் படிப்பின் அடிப்படை பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்திலேயே இருக்கிறது. கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப் பண்பு, அணு மற்றும் அணுக்கரு இயற்பியல் ஆகிய பாடங்களை, தேர்வுக்குப் பிறகு கிடைக்கும் விடுமுறையில் ஆங்கிலப் பாடநூலை அருகில் வைத்துக்கொண்டு மீண்டும் படித்தால், வகுப்பில் வரும் சொற்களில் பாதி ஏற்கெனவே பழகியவையாக இருக்கும்.

நோயாளிகளிடம் பேசும்போது தமிழ் வழி மாணவருக்குத் தடுமாற்றமே இராது. 'கரண்ட் வைக்கப் போறாங்க' என்று கேள்விப்பட்டு, உடம்பில் ஷாக் அடிக்கும் என்று நடுங்கி வரும் ஒரு பாட்டியிடம், எந்திரம் உடலைத் தொடாது, வலி இருக்காது, நாங்கள் வெளியே கேமராவில் பார்த்துக்கொண்டே இருப்போம், கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிட்டு உள்ளே வருவோம் என்று அவருடைய பேச்சிலேயே சொல்லத் தெரிவது சிகிச்சையின் ஒரு பகுதி. அசையாமல் படுத்திருந்தால்தான் குறி தவறாது. பயம் தெளிந்தால்தான் அசையாமல் படுத்திருப்பார்.

படிப்பில் என்னதான் கற்றுத் தருகிறார்கள்?

உடற்கூறு, உடலியங்கியல், கதிர்வீச்சு இயற்பியல், கதிர்வீச்சு உயிரியல், புற்றுநோயியல், சிகிச்சைத் திட்டமிடல், கருவிகளின் தரப் பரிசோதனை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு, நோயாளிப் பராமரிப்பு ஆகியவை பாடங்கள். பெயர்களை மட்டும் சொன்னால் விளங்காது என்பதால் சிலவற்றை விரித்துச் சொல்கிறேன்.

கோபால்ட்-60இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 5.27 ஆண்டுகள். புதிய மூலம் பொருத்திய நாளில் ஒரு நோயாளிக்கு ஒரு நிமிடம் தேவைப்பட்ட அதே அளவைக் கொடுக்க, ஐந்தே கால் ஆண்டு கழித்து ஏறக்குறைய இரண்டு நிமிடம் தேவைப்படும். இந்தக் கணக்கு தெரியாதவர் பழைய நேரத்தையே வைத்தால், நோயாளிக்குப் பாதி அளவுக் கதிர்தான் போகும். கட்டி திரும்ப வரக்கூடும். பள்ளியில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக இருந்த அரைவாழ்வு இங்கே ஒருவருடைய உயிராக இருக்கிறது.

மருத்துவமனைப் பயிற்சியில் கை பழகுகிறது. சிகிச்சை தொடங்குமுன், சிகிச்சையைத் திட்டமிட உதவும் சி.டி. சிமுலேட்டர் என்ற ஸ்கேன் கருவியில் நோயாளியை ஸ்கேன் செய்ய வேண்டும். தலை, கழுத்துப் புற்றுநோய் என்றால், வெந்நீரில் இளக்கிய நெகிழித் தகட்டை முகத்தில் பதிய வைத்து மாஸ்க் செய்ய வேண்டும். அது ஆறும்போது லேசாகச் சுருங்கும் என்பதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லி வைக்க வேண்டும். இடுப்புப் பகுதி சிகிச்சைக்கு வருபவர் தினமும் ஒரே அளவு தண்ணீர் குடித்து, ஒரே அளவு நேரம் காத்திருந்தால்தான் சிறுநீர்ப்பை ஒரே நிலையில் இருக்கும். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளை உடலில் உள்ள குறிகளோடு பொருத்த வேண்டும். எந்திரத்திலேயே படம் எடுத்துத் திட்டப் படத்தோடு ஒப்பிட வேண்டும். அதன் பிறகே கதிரைத் தொடங்க வேண்டும். இவற்றைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. பயிற்சி நடக்கும் மருத்துவமனையில் எந்திரம் உண்டா என்று கேட்கும்படி மேலே சொன்னதன் காரணம் இதுவே.

காலையில் முதல் நோயாளி வருமுன் கதவுப் பூட்டு, அவசர நிறுத்தப் பொத்தான், கேமரா, பேச்சுக் கருவி எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கச் சொல்லித் தருகிறார்கள். மாணவர்களுக்கு இது சடங்காகத் தோன்றும். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற முடுக்கியால் 6 நோயாளிகளுக்கு மிகை அளவுக் கதிர்வீச்சு பாய்ந்தது. அவர்களில் சிலர் இறந்தார்கள். மென்பொருள் பிழையே அடிப்படைக் காரணம். 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்த முதல் விபத்தின்போது, அறைக்குள் இருந்தவர் துடித்தது வெளியே தெரியவில்லை. அன்று வீடியோவும் இயங்கவில்லை, பேச்சுக் கருவியும் பழுதாகி இருந்தது. எந்திரம் 'கோளாறு 54' என்று திரையில் காட்டியது. சிறு சிறு கோளாறு அறிவிப்புகள் அடிக்கடி வந்து பழகிப்போனதால், எந்திரத்தை இயக்கியவர் சிகிச்சையைத் தொடரும் பொத்தானை அழுத்தினார். கேமரா வேலை செய்யவில்லை என்றால் சிகிச்சையை நிறுத்தும் துணிவும், புரியாத அறிவிப்பு வந்தால் இயற்பியலாளரை அழைக்கும் பழக்கமும் ஒருவருக்கு வர வேண்டும். அதற்காகத்தான் இத்தனை ஆண்டுப் படிப்பு.

படிப்பை முடித்தால் போதுமா? தனியே உரிமத் தேர்வு எழுத வேண்டுமா?

இரண்டு அமைப்புகளைப் புரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகள், 2004 இதன் கையில் உள்ள சட்டக் கருவி. டெக்னாலஜிஸ்டுக்கு இந்த வாரியம் தனியாக எழுத்துத் தேர்வு நடத்துவதில்லை. குறைந்தபட்சக் கல்வித் தகுதியை வகுத்து, இ-லோரா என்ற இணையவழி அமைப்பில் கதிர்வீச்சுப் பணியாளராகப் பதிவு செய்ய வைக்கிறது. நீங்கள் வேலைக்குச் சேரும் மருத்துவமனை தன் பணியாளர் பட்டியலில் உங்களைச் சேர்க்கும்போது, சான்றிதழ்கள் சரிபார்க்கப்படுகின்றன. பல ஆண்டு உழைப்பு செல்லுமா செல்லாதா என்பது அந்த இடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021. மருத்துவக் கதிரியக்கம், இமேஜிங், சிகிச்சைத் தொழில்நுட்பம் ஆகியவற்றை ஒரே பிரிவாக இந்தச் சட்டம் அங்கீகரித்துள்ளது. டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் கவுன்சில் இருப்பது போல, இந்தத் தொழில்களுக்கும் மத்திய ஆணையமும் மாநில கவுன்சில்களும், பெயர்ப் பதிவேடும், நாடு முழுவதற்கும் ஒத்த பாடத்திட்டமும் வர வேண்டும் என்பது இதன் நோக்கம். துணை மருத்துவப் படிப்புக்குக் குறைந்தது 2,000 மணி நேரம், சுகாதாரத் தொழில்முறையாளர் பட்டத்துக்குக் குறைந்தது 3,600 மணி நேரம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆறு மாதச் சான்றிதழ் இந்தச் சட்டத்தின் எந்த மூலையிலும் பொருந்தாது என்பதை மீண்டும் கவனியுங்கள். படித்து முடித்தவுடன் மாநில கவுன்சிலின் பதிவு நடைமுறை என்ன என்று உங்கள் கல்லூரியில் கேட்டு, பதிவை உடனே செய்துகொள்ளுங்கள்.

தினமும் கதிர்வீச்சுக்கு நடுவில் வேலை. பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் அம்மாக்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

கதிர் பாயும்போது டெக்னாலஜிஸ்ட் அறைக்குள் இருப்பதில்லை. சிகிச்சை அறையின் கான்கிரீட் சுவர் சில இடங்களில் 2 மீட்டர் தடிமனைத் தாண்டும். கதவு திறந்தால் கதிர் தானாக நின்றுவிடும்படி பூட்டு அமைக்கப்பட்டிருக்கும். லீனாக்கில் மின்சாரத்தால் கதிர் உண்டாகிறது. நிறுத்தியதும் விளக்கை அணைத்தது போல நின்றுவிடும். கோபால்ட் எந்திரத்தில் கதிரியக்கப் பொருள் எப்போதும் உள்ளேயே இருப்பதால், மூலம் உறைக்குள் திரும்பாமல் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பதை மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியிலேயே அந்த ஒத்திகை நடக்கிறது. வெளியிலிருந்து கதிர் வாங்கிய நோயாளியின் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. அவரைத் தொடலாம், அவர் தம் பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம்.

பணியாளர் ஒவ்வொருவரும் டி.எல்.டி. பேட்ஜ் என்ற சிறு அட்டையை மார்பில் அணிகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது ஆய்வகத்துக்குப் போய், வாங்கிய அளவு பதிவாகிறது. ஒருவருக்குத் தரப்படும் எண் மருத்துவமனை மாறினாலும் மாறாது. வாழ்நாள் கணக்கு தேசியப் பதிவேட்டில் சேர்ந்துகொண்டே வரும். விதிப்படியான வரம்பு, தொடர்ந்து 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. முறையாக நடக்கும் துறையில் டெக்னாலஜிஸ்டுக்கு வருவது இதைவிட வெகுவாகக் குறைவு. பேட்ஜைக் கழற்றிச் சிகிச்சை அறையிலேயே மறந்து வைத்துவிட்டால், அது வாங்கிய கதிர் உங்கள் பெயரில் ஏறி, விசாரணை வரும் என்பதையும் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

18 வயது நிரம்பாதவரைக் கதிர்வீச்சுப் பணியாளராக நியமிக்கக் கூடாது. பெண் பணியாளர் கருவுற்றால், உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதன் பிறகு கருவுக்குச் சேரும் அளவு மீதிக் காலம் முழுவதற்கும் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி வேலையை மாற்றி அமைப்பது நிர்வாகத்தின் கடமை. கர்ப்பம் என்ற காரணத்தைக் காட்டி வேலையை விட்டு நீக்க முடியாது. மார்பகப் புற்றுநோய்க்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் சிகிச்சைக்கு வரும் பெண்கள் ஆடையை விலக்கிப் படுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில் அருகில் ஒரு பெண் டெக்னாலஜிஸ்ட் இருப்பது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை அந்த அறையில் நின்றவர்கள் அறிவார்கள். நம் பெண் பிள்ளைகள் இந்தத் துறைக்கு அதிகமாக வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

ஏற்கெனவே எக்ஸ்ரே டெக்னாலஜி டிப்ளமோ முடித்திருக்கிறேன். மாறிக்கொள்ளலாமா?

அந்தத் தகுதியை மட்டும் கொண்டு மாற முடியாது. ரேடியோதெரபிக்கென்று தனியாக அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடிக்க வேண்டும். எக்ஸ்ரே அனுபவம் சிமுலேஷன் வேலையில் மிகவும் உதவும் என்பது உண்மை.

பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். எனக்கு இந்தத் துறையில் இடமுண்டா?

உண்டு. சொல்லப்போனால், பலருக்குத் தெரியாத நல்ல வழி இதுதான். மருத்துவ இயற்பியலாளர் என்பவர் சிகிச்சைத் திட்டத்தைக் கணினியில் உருவாக்குகிறார், எந்திரம் வெளியிடும் அளவை அளந்து சரிபார்க்கிறார், பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கிறார். பாரதி மகளிர் கல்லூரியிலோ வேறு கல்லூரியிலோ இயற்பியல் பட்டம் பெறுபவர் இரண்டு வழிகளில் போகலாம். ஒன்று, கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் உள்ளது போன்ற எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியல். மற்றொன்று, எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு, மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 1962 முதல் நடந்துவரும் கதிரியக்க இயற்பியல் டிப்ளமோ போன்ற முதுநிலை டிப்ளமோ. இரண்டிலும், நல்ல வசதியுள்ள ரேடியோதெரபித் துறையில் 12 மாத உள்ளிருப்புப் பயிற்சி கட்டாயம். அதன் பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கான சான்றிதழ்த் தேர்வில் தேறி, வாரியத்தின் ஒப்புதலோடு அந்தப் பொறுப்பை ஏற்கலாம். இங்கேதான் உண்மையான தேர்வும் நியமன ஒப்புதலும் உண்டு.

டாக்டராகவே இந்தத் துறைக்கு வர?

நீட் எழுதி எம்.பி.பி.எஸ்., பிறகு முதுநிலை நீட் எழுதி மூன்றாண்டு எம்.டி. ரேடியேஷன் ஆன்காலஜி அல்லது அதற்கு இணையான டி.என்.பி. டெக்னாலஜிஸ்ட் படிப்பிலிருந்து மருத்துவப் படிப்புக்குக் குறுக்கு வழி ஏதும் கிடையாது.

வேலை எங்கே கிடைக்கும்?

லீனாக் அல்லது கோபால்ட் எந்திரம் இருக்கும் இடத்தில் மட்டும்தான் இந்த வேலை இருக்கும். இந்தப் படிப்பின் வரம்பு இது. எக்ஸ்ரே படித்தவர் தெருமுனை ஸ்கேன் மையத்திலும் சேர்ந்துவிடலாம், ரேடியோதெரபி படித்தவரால் அப்படி முடியாது. சென்னையில் இருப்பவர்களுக்கு இது பெரிய தடையாகாது. அரசு மருத்துவமனைகள், 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், பெரிய தனியார் மருத்துவமனைகள் எல்லாம் நகருக்குள்ளேயே உள்ளன. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. எண்ணூரில் குடியிருந்துகொண்டு காலை ஏழு மணிப் பணிக்குப் போவதற்கு முதல் ரயிலைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முதல் நோயாளிக்கு முன்பே எந்திரச் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

அரசுப் பணியிடங்களைத் தேனாம்பேட்டையில் இயங்கும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்.ஆர்.பி., அறிவிப்பு வெளியிட்டு நிரப்புகிறது. அறிவிப்புகள் ஆண்டுதோறும் வரும் என்று சொல்ல முடியாது. தனியாரில் அனுபவம் சேர்த்துக்கொண்டே காத்திருப்பதுதான் நடைமுறையில் ஏற்றது.

வெளிநாட்டில் இந்தப் படிப்பு செல்லுமா?

நேரடியாகச் செல்லாது, அந்தந்த நாட்டின் பதிவு வேண்டும். அமெரிக்காவில் 1922 முதல் இயங்கும் ஏ.ஆர்.ஆர்.டி. என்ற பதிவு அமைப்பு, தான் ஏற்றுக்கொண்ட படிப்பை முடித்தவர்களையே ரேடியேஷன் தெரபித் தேர்வுக்கு அனுமதிக்கிறது. ஆகவே பெரும்பாலும் அங்கே மீண்டும் படிக்க வேண்டியிருக்கும். தேர்ச்சி பெற்ற பிறகும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை 24 தொடர்கல்விப் புள்ளிகள் காட்ட வேண்டும். பிரிட்டனில் ரேடியோகிராபர் என்ற பெயரையே, எச்.சி.பி.சி. என்ற சுகாதாரத் தொழில்களுக்கான அமைப்பின் பதிவு இல்லாதவர் பயன்படுத்தக் கூடாது. வளைகுடா நாடுகளில் சான்றிதழ்களைப் படித்த இடத்திலேயே நேரடியாகச் சரிபார்த்து, பிறகு கணினித் தேர்வு வைக்கிறார்கள். அனுபவ ஆண்டுகளும் கேட்கிறார்கள். இந்தச் சரிபார்ப்பில் அங்கீகாரமற்ற சான்றிதழ் தப்பவே தப்பாது.

வீட்டில் வசதி இல்லை. உதவித்தொகை ஏதாவது உண்டா?

ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது, இது 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் இப்போது இவற்றில் சேர்கிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறைகளின் உதவித்தொகைக்குக் கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். சாதி, வருமான, இருப்பிடச் சான்றுகளையும், வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றையும், இ-சேவை மையத்தில் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கலந்தாய்வு நேரத்தில் ஓடினால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

புற்றுநோயாளிகளைத் தினமும் பார்த்துக்கொண்டே இருக்க மனம் தாங்குமா?

சிலருக்குத் தாங்காது. முதல் சில மாதங்களில் தெரிந்துவிடும். அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பல நோயாளிகள் குணமாகிறார்கள். குரல் அடைத்து வந்தவர் கடைசி நாளில் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். குணமாகாதவர்களுக்கும், எலும்பில் பரவிய நோயின் வலியைக் குறைக்கச் சில நாள் சிகிச்சை உதவுகிறது; வலியில்லாமல் உறங்கினேன் என்று ஒருவர் மறுவாரம் வந்து சொல்வதைக் கேட்பதும் இந்த வேலையின் ஊதியமே.

அங்கீகாரமில்லாத நிலையத்தில் சேர்ந்து ஓராண்டு ஓடிவிட்டது. இனி என்ன செய்வது?

முதலில், அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் அவர்களிடமிருந்து திரும்ப வாங்குங்கள். கட்டிய பணம் பாக்கி என்று சொல்லி அவற்றைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமையில்லை. கொடுக்க மறுத்தால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். விளம்பரமும் ரசீதும் கைவசம் இருந்தால், பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். எனவே எந்தத் துண்டுச் சீட்டையும் தூக்கி எறியாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் உங்களிடமே இருக்கிறது. தேர்வுக் குழுவின் அடுத்த அறிவிப்பு வரும்போது, அந்த ஆண்டு விளக்கக் குறிப்பேட்டில் வயது, தகுதி விதிகளைப் பார்த்து, ரேடியோதெரபி டெக்னாலஜியை விருப்ப வரிசையில் சரியான பெயரோடு குறித்து விண்ணப்பியுங்கள். இடைப்பட்ட மாதங்களில் இயற்பியல் பாடத்தையும் ஆங்கிலத்தையும் விடாமல் படித்துக்கொண்டிருங்கள்.